குடியிலாத் தீவு: கச்சதீவின் வரலாறும் காப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளைச் சப்த தீவுகள் எனக் கூறுதல் நம்மவர் வழக்கு. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைதீவு, நெடுந்தீவு ஆகிய இவற்றிலெல்லாம் கோயிலுங் குளமும் உண்டு. பனந்தோப்பும் பள்ளிக்கூடமும் உண்டு. தம் ஊரைச் சொல்லிப் பெருமை கொள்ளும் மக்களும் உளர். ஆனால் நெடுந்தீவுக்கும் அப்பால், பாக்கு நீரிணையின் நடுவே, இவ்வேழனுள் எண்ணப்படாத சிறு தீவொன்று தனித்துக் கிடக்கின்றது. அதுவே கச்சதீவு. அங்கே ஊருமில்லை, உழவுமில்லை, பரம்பரையாகக் குடியிருப்போரும் இல்லை. ஆயினும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் இப்பகுதித் தீவுகளுள் இதனைப்போற் பேசப்பட்டது பிறிதொன்று இல்லை எனலாம்.

குடியிருப்போர் உள்ள ஊரின் வரலாற்றை எழுதுவோர்க்குத் தோம்பும் உறுதியும் கல்வெட்டும் குடிவழியும் துணை செய்யும். ஒருவரும் குடியிராத இடத்துக்கு வரலாறு உண்டோ என்பது முதலில் எழும் வினா. உண்டு என்பதே விடை. அத்தகைய இடத்தின் வரலாறு இருந்தவர் வரலாறன்று. வந்து மீண்டவர் வரலாறு. கச்சதீவின் பெருமை முழுவதும் இவ்வரவிலும் மீட்சியிலுமே தங்கியிருந்தது என்பதையும், அதனைக் காத்தல் என்பது அவ்வழக்கத்தையும் சேர்த்துக் காத்தலேயாம் என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைவிடமும் தோற்றமும்

கச்சதீவு இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 12 கடல்மைல் தொலைவிலும், நெடுந்தீவிலிருந்து ஏறத்தாழ 10 கடல்மைல் தொலைவிலும் உள்ளது. அதன் பரப்பு 285 ஏக்கர் எனப் பொதுவாகக் கூறப்படும். நிருவாகத்தில் அது யாழ்ப்பாண மாவட்டத்து நெடுந்தீவுப் பிரிவைச் சேர்ந்தது. அதனைச் சூழ்ந்த கடல் பாக்கு நீரிணை எனப்படுவது, 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராயிருந்த இராபட்டு பாக்கு என்பாரின் பெயரால் ஆகும்.

இத்தீவு பதினான்காம் நூற்றாண்டில் எரிமலை வெடித்தமையால் உண்டாயிற்று எனச் சிலர் எழுதி வருகின்றனர். இக்கூற்று ஆராய்ச்சிக்கு ஒவ்வாதது. யாழ்ப்பாணக் குடாநாடும் அதனைச் சார்ந்த தீவுகளும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லை அடித்தளமாகக் கொண்டவை. அச்சுண்ணக்கல் கடலுயிர்களின் ஓடுகளும் எச்சங்களும் படிந்து இறுகியமையால் உண்டாயது. எரிமலைக் குழம்பு இறுகியதன்று. கடைசிப் பனியூழியின் உச்சக் காலத்திற் கடல்மட்டம் இன்றுள்ளதிலும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் ஆழங் குறைந்த இந்நீரிணை முழுவதும் நிலமாகவே கிடந்தது. ஈழமும் தமிழகமும் ஒரே தரையாய் இணைந்திருந்தன. பின்னர்ப் பனி உருகக் கடல் ஏறிற்று. மேட்டு நிலங்கள் தீவுகளாக எஞ்சின; அவற்றைச் சுற்றி முருகைக் கற்களும் மணலுஞ் சேர்ந்தன. இவ்வாறு நோக்கின், கச்சதீவு இருநாடுகளுக்கும் இடையே கிடக்கும் அந்நிய நிலமன்று. இருகரையும் ஒன்றாயிருந்த காலத்தின் எச்சமே எனத் தெளியலாம்.

பெயர்க்காரணம் பற்றியும் பலவாறு கூறுவர். கச்சபம் என்னும் வடசொல் ஆமையைக் குறிக்கும்; ஆமைகள் உலாவும் கடலாதலின் இப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். பச்சைத்தீவு என்பதே திரிந்தது என்பர் மற்றொரு சாரார். இவை கருத்தளவையாற் பெறப்படுவனவேயன்றிச் சான்றால் நிறுவப்பட்டவையல்ல.

தீவில் மக்கள் குடியேறாமைக்குத் தலையாய காரணம் நீர். குடிப்பதற்கேற்ற நன்னீர் அங்கே போதிய அளவு கிடைப்பதில்லை. மழையையும் நிலத்தடி நீரையும் நம்பி வாழும் குடாநாட்டு மக்களாகிய நமக்கு இதன் பொருளை விரித்துரைத்தல் வேண்டா. நன்னீர்க் கிணறு உள்ள இடத்திலேயே ஊர் உண்டாகும். மேலும் வாடைக்காற்றும் சோளகமும் மாறி மாறி வீசும் இக்கடலிற் புயலின் அச்சமும் உண்டு. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுக்கோடி என்னும் நகரையே பாழாக்கியதை நாம் அறிவோம். துறைமுகமும் தொடருந்தும் பெற்று விளங்கிய ஊரே அவ்வாறாயிற்றெனின், திறந்த கடலிலுள்ள சிறுதீவின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

பண்டையோர் கண்ட குடியிலாத் தீவு

குடியில்லாத தீவு தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் அத்தகையதே. அதனை நயினாதீவு என்பாரும் வேறு இடம் என்பாரும் உளர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. அங்கே புத்த பீடிகை உண்டு. கோமுகி என்னும் பொய்கை உண்டு. அதனைக் காக்கும் தீவதிலகை என்னும் தெய்வம் உண்டு. மக்கள் மாத்திரம் இலர். அமுதசுரபியைக் கையிற் கொண்ட ஆபுத்திரன் சாவக நாடு செல்லக் கப்பலேறினான். காற்று மிக்கமையாற் கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாட் டங்கிற்று. அவன் கரையிறங்கினான். அவன் ஏறிவிட்டான் என எண்ணிக் கப்பலோட்டிகள் இரவிற் பாய் விரித்து அகன்றனர். எத்துணைப் பேர்க்கும் சோறளிக்கவல்ல பாத்திரம் கையிலிருந்தும், உண்பார் எவருமில்லாத தீவில் அதனைத் தன்னொருவன் வயிற்றுக்காகப் பயன்படுத்த விரும்பாத அவன், ஆண்டுக்கொரு முறை மேலெழுக எனக் கூறி அதனைப் பொய்கையில் விட்டுத் தான் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தான்.

இக்கதையினின்று பெறப்படும் கருத்து ஒன்றுண்டு. குடியிலாத் தீவு வழிபடற்குரிய இடம். தங்கி வாழ்தற்குரிய இடமன்று. அங்குச் செல்வோன் மீளும் வழியையும் எண்ணியே செல்லவேண்டும். அவ்விடத்துப் பெறும் பயனும் ஆண்டுக்கொருமுறை பெறுவதாகவே அமையும். கச்சதீவின் பிற்கால வழக்கமும் இதனை ஒத்திருத்தல் வியப்புக்குரியது.

இனி, இக்கடலில் வருவோர் போவோரைப் பேணும் முறையை நம் முன்னோர் சட்டமாகவும் வகுத்திருந்தனர். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் இதற்குச் சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இச்சாசனம் ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைப் பாதுகாக்கவேண்டுமென விதிக்கின்றது. யானையுங் குதிரையுங் கொண்டுவரும் மரக்கலங்கள் சேதமுற்றால் நாலிலொரு பங்கைப் பண்டாரத்துக்கு எடுத்து, மூன்று பங்கை உடையவனுக்கு விடுதல் வேண்டும். வாணிகப் பொருள் கொண்டுவரும் மரக்கலமாயின் செம்பாகம் அரசுக்கும் செம்பாகம் உடையவனுக்கும் உரியன. கடலிற் கெட்டு வந்தவன் பொருளைக் கரையிலுள்ளோர் முற்றாகக் கவர்தல் கூடாது என்பதே இதன் உட்கிடை. கரைக்கு உடையவனுக்கும் உரிமை உண்டு. வந்தவனுக்கும் உரிமை உண்டு என்னும் இவ்விரட்டை நீதி, எண்ணூறு ஆண்டுகளின் பின் கச்சதீவை முன்னிட்டு மீண்டும் பேசப்படலாயிற்று.

வேரும் வலையும்

பிற்காலத்திற் சேதுபதிகளின் ஆட்சிக்குட்பட்ட இராமநாதபுரம் கச்சதீவில் உரிமை பாராட்டிற்று. அக்காலத்தில் இத்தீவுகளின் மதிப்பு, அவற்றிற் கிடைக்கும் சாயவேரைப் பொறுத்ததாயிருந்தது. துணிகளுக்குச் செந்நிறம் ஊட்டும் இவ்வேர் யாழ்ப்பாணத்தும் மன்னாரிலும் ஒல்லாந்தர் ஆட்சியில் அரசுக்குரிய வருவாயாய் விளங்கியது. 1880இல் இராமநாதபுரக் கரையிலுள்ள ஊர்களையும் தீவுகளையும் சேர்த்துச் சாயவேர் அகழ்வதற்கு எழுதப்பட்ட குத்தகையிற் கச்சதீவும் அடங்கியிருந்தது. செயற்கைச் சாயங்கள் பெருகியபின் சாயவேரின் மதிப்புக் குன்றிற்று. குத்தகையின் பயனும் குன்றிற்று.

குத்தகை எழுதியவர் யாராயினும், தீவை நாளும் பயன்படுத்தியவர் இருகரை மீனவரே. பாம்பன், இராமேசுவரம், தங்கச்சிமடம் முதலிய ஊரவரும், நெடுந்தீவு முதலிய நம் தீவுகளைச் சேர்ந்தவரும் அங்குத் தோணியை ஒதுக்கினர், வலையை உலர்த்தினர், காற்று மாறும்வரை இளைப்பாறினர். பாய்மரத்தையும் தண்டையும் நம்பிக் கடலிற் சென்றோர்க்கு, நடுவழியில் ஒதுங்குதற்கு ஒரு மணற்றிட்டுக் கிடைத்தலே பெரும்பேறு. அவர்கள் ஒருவர் மொழியை ஒருவர் அறிந்தவர். ஒருவர் காற்றுக்கு மற்றவர் கூறும் பெயரையும் அறிந்தவர். வலை உலர்ந்தவுடன் இருசாராரும் தத்தம் கரைக்கு மீண்டனர். தீவும் பழையபடியே கிடந்தது.

அந்தோனியார் ஆலயம்

கச்சதீவிலுள்ள ஒரே பழைய வழிபாட்டுத்தலம் புனித அந்தோனியார் ஆலயம். இலிசுபனிற் பிறந்து பதுவையில் 1231இல் மறைந்த இப்புனிதரைக் கடலோடிகளும், இழந்த பொருளை மீளப் பெற விழைவோரும் தம் காவலராகக் கொள்வர். பதினாறாம் நூற்றாண்டிற் போத்துக்கீசர் வருகையோடு முத்துக்குளித்துறைப் பரதவரிடையே கத்தோலிக்க சமயம் பரவிற்று. மன்னாரிலும் பின்னர் யாழ்ப்பாணக் கரைகளிலும் அது வேரூன்றிற்று. கச்சதீவிற் கோயில் எழுந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். தமிழகக் கரையிலிருந்து வந்த மீனவர் ஒருவர் அதனை எழுப்பினார் என்பது வழிவழி வரும் செய்தி. அது யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் கீழ் அமைந்தது. தமிழகத்து மீனவர் எழுப்ப, யாழ்ப்பாணத்துக் குருமார் பூசை செய்ய, இருகரை மக்களும் சேர்ந்து வணங்கும் கோயிலாக அது நிலைபெற்றது.

ஆண்டுதோறும் மாசி பங்குனிக் காலத்தில், பெப்புருவரியிலோ மார்ச்சிலோ, இரண்டு நாட்கள் விழா நடைபெறும். அது கத்தோலிக்கரின் தபசுகாலம். வாடை தணிந்து சோளகம் எழுமுன் கடல் அமைதியுறும் காலமும் அதுவே. நம்மவர் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி, நெடுந்தீவைக் கடந்து செல்வர். அக்கரையோர் இராமேசுவரத்திலிருந்து வருவர். முதனாள் மாலையிற் கொடியேற்றமும் சிலுவைப்பாதையும் திருச்சொரூபப் பவனியும் நிகழும். மறுநாட் காலையில் திருவிழாத் திருப்பலி முடிந்ததும் அனைவரும் படகேறி மீள்வர். இடையேயுள்ள ஓரிரவில் உறவினர் உறவினரைக் காண்பர். உணவையும் ஊர்ச்செய்தியையும் பகிர்ந்துகொள்வர். சைவராகிய நாமும் கதிர்காமம், சிதம்பரம் முதலிய தலங்களுக்குக் கடலும் காடும் கடந்து சென்ற மரபினரேயாதலின், இதன் உயர்வை உணர்தல் அரிதன்று.

எல்லைக்கோடு

இருகரையும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோதும் எல்லை பற்றிய வினா எழாமலில்லை. 1921 ஒக்டோபரிற் சென்னை அரசின் சார்பினரும் இலங்கை அரசின் சார்பினரும் கொழும்பிற் கூடி மீன்பிடி எல்லை பற்றி ஆராய்ந்தனர். கச்சதீவுக்கு மூன்று மைல் மேற்கே கோடு செல்லவேண்டும் என அங்கு உடன்பாடு காணப்பட்டது; அதனால் தீவு இலங்கைப் பக்கம் அமைந்தது. ஆயினும் இராமநாதபுரத்தின் உரிமை பற்றிய வினாவை இந்தியப் பக்கத்தார் விடாது குறித்துவைத்தனர். அவ்வுடன்பாடு முறைப்படி உறுதிசெய்யப்படவுமில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கடற்படையின் பீரங்கிப் பயிற்சிக்கு இத்தீவு இலக்காக்கப்பட்டது. 1950களின் நடுப்பகுதியிலும் இலங்கை அதனைப் படைப் பயிற்சிக்குப் பயன்படுத்த முனைந்தபோது இந்தியா வினா எழுப்பிற்று. குடியில்லை என்னும் ஒரே காரணத்தால் ஓரிடத்தை வெறுமையான இடம் எனக் கருதும் தவற்றுக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இறுதியில் 1974 யூன் 26ஆந் திகதி கொழும்பிலும் 28ஆந் திகதி புதுதில்லியிலும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். கச்சதீவுக்கு மேற்கே ஒரு மைலளவில் எல்லைக்கோடு அமைந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அவ்வாண்டு ஓகஸ்டில் இதனை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. இவ்வொப்பந்தத்தின் ஐந்தாம் உறுப்புரை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சதீவுக்கு வந்துபோகலாம்; அதன்பொருட்டு இலங்கையிடம் பயணப் பத்திரமோ விசாவோ பெறவேண்டுவதில்லை என்பது அதன் சாரம். நிலத்தின் உரிமையை ஒருவர்க்கு வழங்கி, வருகையின் உரிமையை மற்றவர்க்கும் நிலைநிறுத்திய இவ்வேற்பாடு, நயினாதீவுச் சாசனத்தின் நீதியை நினைவூட்டுகின்றது.

ஆனால் வருதல் வேறு, மீன்பிடித்தல் வேறு. 1976 மார்ச்சு 23ஆந் திகதி மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா ஆகியவற்றின் எல்லை பற்றிய ஒப்பந்தம் கைச்சாத்தான போது இரு அரசுகளும் கடிதங்கள் பரிமாறின. ஒரு நாட்டு மீன்பிடிப் படகுகள் மற்ற நாட்டுக் கடலில் அனுமதியின்றித் தொழில் செய்தல் ஆகாது என அவற்றிற் கூறப்பட்டது. அன்று தொட்டு இன்றுவரை நிகழும் வாதங்களிற் பெரும்பாலானவை இவ்விரண்டையும் வேறுபடுத்தாமையால் எழுந்தனவே.

போரும் இழுவைமடியும்

1983இன் பின் போர் மூண்டது. எல்லை கடந்த இக்கடல் போர்க்கடலாயிற்று. மீன்பிடித்தலுக்குத் தடைகள் விதிக்கப்பட்டன, விழாவும் தடைப்பட்டது. 2009இற் போர் முடிந்தபின் யாத்திரை மீண்டும் தொடங்கிற்று. 2016 டிசம்பரில் கடற்படையினரின் உழைப்பால் எழுந்த புதிய ஆலயம் திறந்துவைக்கப்பட்டது. கடற்படைக் காவல் அங்கே நிலையாக உள்ளது.

போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய நம் மீனவர் கண்டதோ வேறொரு துன்பம். தமிழகத்தில் 1950கள் முதல் ஊக்குவிக்கப்பட்ட இயந்திரப் படகுகள், இறால் ஏற்றுமதியின் ஆதாயத்தால் இழுவைமடிப் படகுகளாகப் பெருகியிருந்தன. பாய்த்தோணியில் வந்தவன் வலை உலர்த்தி மீண்டான். இழுவைமடியோ கடலின் அடித்தளத்தையே வாரிச் செல்கின்றது. கடற்புல்லும் குஞ்சும் முட்டையும் அதனுள் அடங்கும். சிறுதோணிக்காரர் இரவில் விரித்த வலைகளும் அறுந்துபோகும். ஒரே மொழி பேசும், ஒரே புனிதரை வணங்கும் இருகரை ஏழைகளும் ஒருவரையொருவர் பகைக்கும் நிலை இதனால் உண்டாயிற்று. இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து சட்டமியற்றிற்று. அத்தடை உள்நாட்டவர்க்கும் உரியது. எல்லை கடந்து பிடிபட்ட இராமேசுவரம் மீனவர் சிறையிலிடப்பட்டமை காரணமாக, 2024 பெப்புருவரி விழாவுக்கு அக்கரையோர் வராது விட்டனர். ஓர் அரை நூற்றாண்டு அரசியலும் பிரிக்க முடியாத அவ்வழிபாட்டைக் கடலடியில் இழுக்கப்படும் வலை ஓராண்டு பிரித்துவிட்டது.

2008இல் இந்திய உச்ச நீதிமன்றில் வழக்கு, 2024இல் இந்தியத் தேர்தல் மேடைகளிற் பேச்சு, 2025 ஏப்பிரலிற் கச்சதீவை மீட்கவேண்டுமெனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் தீர்மானம், அவ்வாண்டு செப்ரெம்பர் முதலாந் திகதி இலங்கைச் சனாதிபதி அனுர குமார திசாநாயக்கவின் வருகை என இத்தீவு அடிக்கடி செய்தித்தாள்களில் இடம்பெறுகின்றது. ஆனால் இவற்றுள் எதனாலும் ஒரு மீனும் பெருகவில்லை. ஒரு வலையும் காக்கப்படவில்லை. தீவு எவர்க்குரியது என்னும் வினாவுக்கு அளிக்கப்படும் விடை, கடல் எவ்வாறு பிழைக்கும் என்னும் வினாவுக்கு விடையாகாது.

காத்தலாவது யாது?

குடியிலாத் தீவைக் காத்தல் எவ்வாறு என்பதற்குப் பிறநாடுகளிற் சில முன்மாதிரிகள் உள. ஐசுலாந்துக்கு அருகே 1963இற் கடலெரிமலையால் உண்டான சேட்சி என்னுந் தீவில் ஆராய்ச்சியாளர் அன்றிப் பிறர் கால்வைத்தல் ஆகாது. யப்பானிலுள்ள ஒக்கினோசிமா என்னும் புனிதத் தீவுக்கு ஆண்டில் ஒருநாள் மாத்திரம் ஏறத்தாழ இருநூறு ஆடவர் கடலில் நீராடிச் சென்று வணங்கிவந்தனர். அங்கிருந்து ஒரு கல்லையும் எடுத்துவருதல் கூடாது என்பது விதி. 2017இல் அஃது உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மறுவருடம் முதல் பொதுமக்களின் அவ்வொருநாள் வருகையும் நிறுத்தப்பட்டது.

அண்மையிலுள்ள சான்று இன்னும் கூர்மையானது. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடாக் கடற்பூங்கா அமைக்கப்பட்டது. அவற்றுள் இரண்டு இன்று கடலுள் மறைந்துவிட்டன. சுண்ணாம்புக்காக முருகைக் கற்களைப் பல்லாண்டுகள் அகழ்ந்தமையே இதற்குப் பெருங்காரணம் என்பர் அறிஞர். முருகைக் கல்லே தீவின் அரண். அரண் போயின் அலை தீவையே உண்ணும். எவருங் குடியிராத தீவாதலின் அகழ்வோரைத் தடுப்பாரும் இலர். மறைந்தபின் அழுவாரும் இலர்.

நம் பக்கத்தில் நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. பாக்கு விரிகுடாவில் அக்கரையோர் 2022இல் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பிடமாக அறிவித்தனர். இவை நன்முயற்சிகள். இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் கச்சதீவையும் அதனைச் சூழ்ந்த கடலையும் இவற்றோடு ஒருசேர நோக்கும் காலம் வந்துள்ளது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். குடியிலாத் தீவு வேறு. குடி அகற்றப்பட்ட தீவு வேறு. 1992இற் போரால் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், கால் நூற்றாண்டுக்கு மேல் தம் மண்ணை அக்கரையிலிருந்து நோக்கியிருந்து, 2018 ஏப்பிரலில் தாமே படகேறிச் சென்று மீளக் குடியமர்ந்தனர். அத்தகைய ஊரைக் காப்பு என்னும் பெயரால் மூடிவைத்தல் அநீதி. ஆதலின், கச்சதீவுக்குக் கூறும் முறையை எல்லாத் தீவுக்கும் கூறுதல் பொருந்தாது. ஒக்கினோசிமாவைப் போல வருகையை முற்றாக நிறுத்துதலும் கச்சதீவுக்குப் பொருந்தாது. ஏனெனில் அத்தீவை இதுவரை மனத்தில் வைத்துக் காத்தவர் யாத்திரிகரும் மீனவருமே. அவர் வரவு அற்றுப்போயின், தீவு மீண்டும் பீரங்கிக்கு இலக்காகவோ, மேடைப் பேச்சுக்குப் பொருளாகவோ மாத்திரம் எஞ்சும்.

ஆகவே வேண்டுவன சில. முதலாவது, வருகை வருகையாகவே இருத்தல். ஆலயமும் இன்றியமையாத காவலும் தவிர, விடுதி முதலிய நிலையான கட்டடங்கள் எழுதலாகாது. நன்னீர் இல்லாத இடத்தில் விடுதி எழுமாயின் நீரும் கழிவும் ஆண்டு முழுவதும் கடல்வழியே செல்லவேண்டும். அது தீவின் இயல்புக்கு மாறு. புதிய சமயச் சின்னங்களை நிறுவுதலும் அத்தகையதே. பழைய வழக்கத்தை மதித்தல் எச்சமயத்தார்க்கும் அழகு. இரண்டாவது, கொண்டுசென்றதை மீளக் கொண்டுவருதல். இரண்டு நாளிற் சில ஆயிரவர் கூடுமிடத்திற் பிளாத்திக்குப் போத்தலும் பையும் எஞ்சினால் அவை ஆமைக்கும் பறவைக்கும் நஞ்சாகும். படகிற் பதுங்கி வரும் எலி ஒன்று கரையேறினும் போதும், நிலத்தில் முட்டையிடும் பறவைகள் அழியும். தென்கடலிலுள்ள தென் யோர்சியாத் தீவில் எலிகளை ஒழிப்பதற்குப் பல ஆண்டுகளும் பெரும்பொருளும் செலவாயின. 2018இலேதான் அத்தீவு எலியற்றதென அறிவிக்கப்பட்டது. மூன்றாவது, தீவைச் சுற்றிய கடலில் இழுவைமடி அறவே நீங்குதல். அதனை விடுத்து நிலத்தை மாத்திரம் காத்தல், வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் வார்ப்பதை ஒக்கும். இதில் அக்கரை மீனவர்க்கு மாற்றுத் தொழில் அமைத்துக் கொடுக்கும் கடமை அவர்தம் அரசுக்கு உண்டு. சிறைச்சாலை ஒன்றே மருந்தாகாது.

நான்காவது கடமை கல்லூரிகளைச் சார்ந்தது. தீவிலுள்ள செடிகொடிகளும் பறவைகளும் கல்லும் மண்ணும் முறையாக ஆராயப்பட்டு நம் மொழியில் எழுதப்படல் வேண்டும். அதனினும் விரைந்து செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. பாய்த்தோணியில் கச்சதீவுக்குச் சென்று வலை உலர்த்திய தலைமுறை மறைந்துவருகின்றது. கடலடிப் பார்களுக்கும் நீரோட்டங்களுக்கும் அவர் இட்டு வழங்கிய பெயர்களும், தண்டு வலிக்கும்போது பாடிய அம்பாப் பாடல்களும், போருக்கு முந்திய விழாக்களின் நினைவும் அவரோடு மறையுமாயின், எவ்வொப்பந்தத்தாலும் அவற்றை மீட்டல் இயலாது. தீவகத்திலிருந்து வந்து பயிலும் மாணவர், தம் பாட்டனாரிடம் ஒரு மாலைப்பொழுது இருந்து கேட்டு எழுதுவாராயின், அவ்வேடு நாளைய வரலாற்றாசிரியனுக்கு நயினாதீவுச் சாசனத்துக்கு அடுத்த சான்றாக விளங்கும்.

ஆபுத்திரன் இறங்கிய தீவில் அவனை மறந்து கப்பல் சென்றது. கச்சதீவையும் அவ்வாறு மறந்து செல்லாதிருத்தல் இருகரைத் தமிழரின் கடன். ஆண்டுக்கொருமுறை சென்று வணங்கி, அங்குள்ள யாதொன்றையும் கெடுக்காது, இருளுமுன் அவரவர் கரைக்கு மீளும் அப்பழைய நெறியே அத்தீவுக்கு நாம் அளிக்கக்கூடிய காவல் ஆகும்.